கடல் கடந்து வந்த தங்கைகள்



உறவு எதனால் உண்டாகிறது என்று கேட்டால், "இரத்தத்தால்" என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். அவ்விடை எவ்வளவு குறையுடையது என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் என் தங்கையர் இருவர். இன்றைய மலேசியாவில், சீனக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். வளர்ந்ததோ மதுரையை அடுத்த ஆனையூரில்.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் சீனப் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தது ஒரு காலத்தில் அரிய செய்தியன்று. வறுமையும், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியின் துன்பமும் அதற்குக் காரணங்கள். ஆண்மகவையே விரும்பும் வழக்கமும், சில ஆண்டுகளில் பிறந்த பெண் குடும்பத்திற்கு ஆகாது என்ற நம்பிக்கையும் வேறு காரணங்கள். சீனர் கணக்கில் 1962 புலியாண்டு. என் மூத்த தங்கை அவ்வாண்டில் பிறந்தவள். இளையவள் 1964-இல் பிறந்தாள்.

என் தந்தையார் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். 1969-க்குப் பின், குடியுரிமை பெறாத தொழிலாளர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற விதி வலுப்பெற்றதால் பலர் தாயகம் திரும்பினர். நாங்களும் 1970-இல் பினாங்கிலிருந்து 'ரஜுலா' கப்பலேறி நாகப்பட்டினம் வந்து, ஆனையூரை அடைந்தோம். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

ஊரார் கூடி நின்று பார்த்தனர். அப்பத்தாவோ இரு பேத்தியரையும் மடியில் இருத்திக்கொண்டு, "முகம் யார் சாயலா இருந்தா என்ன? பசிச்சா அப்பத்தான்னுதானே கூப்பிடப் போகுதுக!" என்றார். அந்தத் தெளிவு எனக்கு இருக்கவில்லை. புதுப் பள்ளியில் தோழர்கள், "இவர்கள் உனக்கு யார்?" என்று கேலியாகக் கேட்டபோது, "விருந்தாளிகள்" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற மூத்தவள் அதைக் கேட்டுவிட்டாள்.

அன்றிரவு அவள் உண்ணவில்லை. "நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா, அப்பா?" என்று கேட்டாள். தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து அவளுடைய பிறப்புச் சான்றையும் தத்துப் பத்திரத்தையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். "உன்னைப் பெற்றவள் உன்னை என்னிடம் தந்தபோது அழுதாள், நான் கண்ணால் கண்டேன். அவள் உன்னை வெறுத்துத் தரவில்லை. நாங்கள் உன்னை இரங்கி வாங்கவும் இல்லை, விரும்பி வாங்கினோம்" என்றார். அவள் அப்பத்திரத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அண்ணனுக்கும் சோறு போடுங்கம்மா, அவரும் சாப்பிடல" என்றாள். அந்த ஒரு சொல் என்னைத் தண்டித்ததுபோல் எந்தப் பிரம்பும் தண்டித்ததில்லை. மறுநாள் முதல் இருவரையும் கைப்பிடித்தே பள்ளிக்கு அழைத்துச் சென்றேன்.

இந்து சமுதாயத்தில் தத்து என்பது பெரும்பாலும் மகனுக்கே உரியதாக இருந்தது. குலம் தழைக்கவும் ஈமக்கடன் செய்யவும் மகன் வேண்டும் என்பதே அதன் கருத்து. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் மகளையும் தத்தெடுக்க வழி செய்தது. தத்துப்பிள்ளை எல்லா வகையிலும் அக்குடும்பத்துப் பிள்ளையே என்றும் அது விதித்தது. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதில் குழந்தையின் நலனைக் காக்க 1993-இல் ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று; 2003-இல் இந்தியா அதை உறுதி செய்து ஏற்றது. எனினும், சட்டம் உரிமையைத் தரலாம். "தங்கை" என்று நாலுபேர் முன் சொல்லும் துணிவை நாம்தாம் தரவேண்டும்.

உங்கள் வகுப்பிலும் தத்துப்பிள்ளை ஒருவர் இருக்கலாம். "உன் உண்மையான தாய் யார்?" என்று அவரைக் கேளாதீர்கள். வளர்த்தவள் பொய்த் தாயல்லள். வளர்ப்போரும் பிறப்பை மறைக்க வேண்டுவதில்லை. அன்போடு சொன்ன உண்மை குழந்தையை வீட்டைவிட்டு விலக்குவதில்லை என்பதை நான் அன்றிரவே கண்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் அப்பத்தா மறைந்தார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. எவரும் அழைக்குமுன்பே என் தங்கையர் இருவரும் பந்தமேந்தி வந்து என் அருகில் நின்றனர். அன்று ஊரில் ஒருவரும், "இவர்கள் யார்?" என்று கேட்கவில்லை.