தேகாப்பியாசமும் தலையெழுத்தும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று தேகாப்பியாசத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று இவ்வாசகசாலையார் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் பயில்வானுமல்ல, வைத்தியருமல்ல. கரலாக்கட்டை சுழற்றிக் காட்டவும் நமக்குத் தெரியாது. ஆனாலும் எது மெய், எது பொய் என்று கணக்குப் பார்த்து அறிந்துகொள்ள ஒருவர் வைத்தியராயிருக்க வேண்டுமென்பதில்லையாதலால் பேச ஒப்புக்கொண்டோம்.

நம் ஊரில் ஒருவர் 45 வயதில் மாரடைத்துத் திடீரென்று இறந்துபோனால் நாம் என்ன சொல்லுகிறோம்? ‘விதி முடிந்தது’ என்கிறோம். ‘தலையில் எழுதியபடி நடந்தது’ என்கிறோம். அதே வீட்டில் இன்னொருவருக்கும் மார்வலி கண்டால், காசுள்ளவர் கிரக சாந்தி செய்கிறார். காசில்லாதவர் கடன் வாங்கிச் செய்கிறார். நீரிழிவு கண்டாலோ கையில் ஒரு கயிறும், சந்தையில் விற்கும் லேகியத்தில் ஒரு டப்பியும் வந்துவிடுகின்றன. வியாதி மாத்திரம் போகிறதில்லை.

தலையில் எழுதுகிறவன் ஒருவன் மெய்யாகவே இருப்பானாகில், அந்த மனிதன் உட்கார்ந்து வேலை செய்கிறவனா, நடந்து வேலை செய்கிறவனா என்று விசாரித்துக்கொண்ட பிறகே அவன் எழுதுகிறான் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. ஏன் இப்படிச் சொல்லுகிறோமென்றால், இதற்குக் கணக்கு இருக்கிறது.

லண்டன் நகரத்தில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். மாரடைப்பு சிலருக்கு வருவதும் சிலருக்கு வராமலிருப்பதும் ஏன் என்று அறிய அவர் ஜோசியரிடம் போகவில்லை; பஸ் டிப்போக்களுக்குப் போனார். அந்நகரத்தில் மாடி வைத்த பஸ்கள் ஓடுகின்றன. அக்காலத்தில் அவற்றில் டிரைவர் ஒருவரும் கண்டக்டர் ஒருவரும் இருந்தார்கள். டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பாகம் உட்கார்ந்தேயிருப்பார். கண்டக்டரோ டிக்கட் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 35 வயது முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களைக் கவனித்து, கண்ட முடிவை 1953-ம் வருஷம் மாரிஸ் கூட்டத்தார் வெளியிட்டார்கள். கண்டக்டர்களுக்கு இருதய வியாதி குறைவாய் வந்தது. வந்தவர்களுக்கும் அதிக வயதான பிறகே வந்தது. வந்தவுடனும் சில மாதங்களுக்குள்ளும் இறந்துபோவது டிரைவர்களில் சுமார் இரண்டு பங்காயிருந்தது.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். அதே பஸ், அதே வீதி, அதே புகை, கிட்டத்தட்ட ஒரே வகுப்பைச் சேர்ந்த மனிதர்கள். ஜாதகம் பார்த்தா இவனை டிரைவராகவும் அவனைக் கண்டக்டராகவும் பிரித்தார்கள்? மாடிப்படி ஒன்றுதான் பெரிய வித்தியாசம்.

‘பருத்த மனிதர்களே டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாமே’ என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். அப்படிக் கேட்பதுதான் அறிவு. மாரிஸும் அதையே கேட்டுக்கொண்டார். கம்பெனி கொடுத்த உடுப்புகளின் அளவை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. ஆனால் ஒல்லியானவரை ஒல்லியானவரோடும் பருத்தவரைப் பருத்தவரோடும் வைத்துப் பார்த்தபோதும் கண்டக்டர்களே நல்ல நிலைமையிலிருந்தார்கள். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரரையும் உட்கார்ந்து வேலை செய்யும் குமாஸ்தாவையும் பார்த்ததிலும் அதே மாதிரிதான் கண்டது. அந்த டாக்டர் 2009-ல் தமது 99-வது வயதில் இறந்தார். ஒருவர் நெடுநாள் வாழ்ந்தது மாத்திரம் ருஜுவாகாது. ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிப் பார்த்ததே ருஜு.

நிற்க, ‘அது வெள்ளைக்காரர் உடம்பு’ என்று சிலர் சொல்லக்கூடும். நமது சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரனும் அவரது கூட்டாளிகளும் நீரிழிவு வரும் தறுவாயிலிருந்த 531 பேரை எடுத்து மூன்று வருஷம் பரீட்சை செய்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண புத்திமதி மாத்திரம் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆகாரத்தைத் திருத்திக்கொண்டு, தினம் அரைமணி நேரம் வேகமாக நடக்கும்படி செய்யப்பட்டவர்களில் அது 100-க்கு 39 பேராய்க் குறைந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இவ்வளவே. இந்தியாவில் பத்துக்கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்லுகிறபடியால் இது அற்ப விஷயமல்ல.

இதில் மாயமொன்றுமில்லை. இருதயமும் ஒரு தசையே. வேலை கொடுத்தால் அது பலப்படுகிறது. ஒரு துடிப்புக்கு முன்னிலும் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. காலும் கையும் அசையும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. ரத்தக் கொதிப்பு தணிகிறது. எலும்பு உறுதிப்படுகிறது. தூக்கம் நன்றாய் வருகிறது; மனச்சோர்வும் குறைகிறது. இந்த வேலையைக் கயிறும் செய்யாது, தகடும் செய்யாது.

‘கோவிலைப் பிரதட்சிணம் செய்தால் பலனுண்டு என்று பெரியோர் சொன்னது இதற்காகத்தானே’ என்று சிலர் கேட்பார்கள். நடந்தால் பலன் உண்டுதான். அதே தூரத்தைக் குளக்கரையைச் சுற்றி நடந்தாலும் அதே பலனே உண்டு. தட்டில் காசு போடவேண்டிய அவசியம் மாத்திரம் இல்லை.

இவ்வளவு சுலபமானதை நாம் ஏன் செய்கிறதில்லை? நம் நாட்டில் உட்கார்ந்திருப்பது கௌரவம், உழைப்பது இழிவு என்று நெடுங்காலமாய்ப் படிப்பித்துவைத்திருப்பதே முக்கிய காரணம். உழுகிறவனும் மண் சுமக்கிறவனும் துணி வெளுக்கிறவனும் கீழானவன். திண்ணையில் சாய்ந்து கொண்டு ஏவுகிறவன் மேலானவன்! ஆகவே நாலு காசு சேர்ந்தவுடன் நாம் முதலில் விடுவது நடையைத்தான். அடுத்த தெருவில் வெற்றிலை வாங்கவும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. மகன் தண்ணீர்க் குடம் தூக்கினால் தகப்பனாருக்கு மானம் போகிறது. பிறரை உழைக்கச் செய்து உட்கார்ந்து தின்ற கௌரவம் கடைசியில் தின்றவனுடைய மார்பிலேயே வந்து உட்காருகிறது.

ஆனால் வயலில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிற தோழரைப் பார்த்து ‘நீ தேகாப்பியாசம் செய்’ என்று சொல்ல நாம் வரவில்லை. அவருக்கு வேண்டியது நியாயமான கூலியும், வயிறார உணவும், ஓய்வுமே.

பெண்கள் விஷயம் இதிலும் மோசம். 2022-ம் வருஷத்து நிலைமையைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்தார் கொடுத்த கணக்கில் இந்தியாவில் போதுமான உடலசைவு இல்லாத ஆண்கள் 100-க்கு 42 பேர். பெண்கள் 100-க்கு 57 பேர். உரலும் அம்மியும் போனது நல்லதே. அவை திரும்ப வரவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் மாலையில் அரைமணி நேரம் தனியாய் நடந்துவிட்டு வந்தால் ‘எங்கே போய்விட்டு வருகிறாள்?’ என்று நாலு வாய் கேட்கிறது. பந்தாடிக்கொண்டிருந்த பெண் குழந்தையைப் பெரியவளானவுடன் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். பிறகு 40 வயதில் மூட்டுவலியென்றும் நீரிழிவென்றும் அவளை வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம். அவளுடைய கால் அவளுக்குச் சொந்தமில்லாமற் செய்துவிட்டு, அவளது தலையெழுத்தைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

எவ்வளவு செய்யவேண்டும்? அந்த ஸ்தாபனத்தார் 2020-ல் சொன்னபடி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வேகமான நடை போன்றது போதும். ஓட்டம் போன்ற கடினமானதானால் அதில் பாதி போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்யவேண்டும். பிள்ளைகளுக்குச் சராசரி தினம் ஒரு மணி நேரம். இவ்வளவு முடியாதவர் முடிந்தவரை செய்தாலும் பலனுண்டு. மார்வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கவேண்டும். மருந்து சாப்பிடுகிறவர் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது.

கடைசியாக, இந்த வாசகசாலையாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதியைக்கொண்டு ஆண் பெண் இருபாலாரும் விளையாடவும் நடக்கவும் ஒரு இடத்தைச் சீர்படுத்திக் கொடுங்கள். தோழர்களே! நாம் சொல்லிவிட்டோமென்பதற்காக நீங்கள் ஒன்றையும் நம்பவேண்டாம். நாளை முதல் மூன்று மாதம் தினம் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். உங்கள் மூச்சையும் தூக்கத்தையும் நீங்களே கவனித்துக் கணக்கு வையுங்கள். பலன் கண்டால் வைத்துக்கொள்ளுங்கள். காணாவிட்டால் அடுத்த விழாவில் இதே மேடையில் நம்மைக் கேள்வி கேளுங்கள். ஆனால் அந்த விழாவுக்கு மாத்திரம் தயவுசெய்து நடந்தே வாருங்கள்.