இணையப் பக்கத்திற்குப் பெயரிடுதல்: நன்னூலும் தேடுபொறியும்



பணி ஓய்விற்குப் பின் என் வகுப்புக் குறிப்புகளை ஒரு வலைத்தளத்தில் இட்டு வந்தேன். வேற்றுமை உருபுகள் பற்றிய பாடத்திற்கு ‘மொழித்தேனில் ஒரு துளி’ எனப் பெயர் சூட்டினேன். அப்பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓராண்டு கழித்து, இப்போது ஆசிரியையாகப் பணியாற்றும் என் பழைய மாணவி ஒருவர், “வேற்றுமையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா, ஐயா? இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தேன்” என்றார். பக்கம் இருந்தது, தேடியவர் கைக்கு எட்டவில்லை. பிழை என்னுடையது. தேர்வுக்கு முன்னாள் இரவு தேடும் மாணவன் இவ்வாறு இருமுறை ஏமாந்தால், மூன்றாம் முறை தமிழில் தேடவே மாட்டான்.

ஒவ்வோர் இணையப் பக்கத்தின் எச்.டி.எம்.எல். நிரலிலும் தலைப்பு என ஒரு கூறு உண்டு. பக்கத்தின் உள்ளே அது தோன்றாது. உலாவியின் மேல்விளிம்பில் சிறிதாகத் தெரியும். தேடல் முடிவுகளில் நாம் சொடுக்கும் வரி பெரும்பாலும் அதுவே. பக்கங்களை வரிசைப்படுத்தத் தேடுபொறி கருதும் பலவற்றுள் இதுவும் ஒன்று. இதை மாற்றிய அளவில் முதலிடம் கிட்டும் என்பார் கூற்றை நம்ப வேண்டா. ஆயினும் இது முழுவதும் நம் கையில் உள்ளது. காசு செலவும் இல்லை. அவ்வாறிருந்தும் ‘முகப்பு’, ‘பாடம் 3’ என்னும் தலைப்புகளையே எங்கும் காண்கிறோம். எவ்வகுப்பின் பாடம், எதைப் பற்றிய பாடம்?

பெயரிடுதலைப் பற்றி நம் இலக்கணம் முன்பே சிந்தித்திருக்கிறது. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டனுள் நூற்பெயரையும் ஒன்றாக வைத்தார் பவணந்தியார். நூல் எவற்றால் பெயர் பெறும் என்பதற்கும் தனியே ஒரு நூற்பா செய்தார். ஆக்கியோனால் பெயர் பெற்றது தொல்காப்பியம். பொருளால் பெற்றது அகப்பொருள் விளக்கம். தன்மையால் பெற்றது சிந்தாமணி. அகப்பொருள் விளக்கத்தை நம்பியகப்பொருள் என்றும் வழங்குகிறோம். ஆசிரியர் பெயரும் நூற்பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன பாருங்கள். தேடுபொறிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. நான் இட்டதோ தன்மையால் வந்த பெயர். சிந்தாமணியை நாடுவோர் அந்நூலை முன்பே அறிந்தவர்கள். என் பாடத்தை எவர் அறிவார்?

தமிழுக்கே உரிய இடர்ப்பாடு சொல்வடிவில் உள்ளது. மாணவன் ‘சிலப்பதிகாரம்’ என்று எழுவாய் வடிவில் தேடுகிறான். நாம் ‘சிலப்பதிகாரத்தில் பெண்கள்’ என்று தலைப்பிடுகிறோம். மகரம் கெட்டு, அத்துச் சாரியை புகுந்து, சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றே எனப் பொறி எப்போதும் உணரும் என்று நம்பியிருக்க வேண்டா. ‘சிலப்பதிகாரம்: பெண் மாந்தர்கள்’ என்றால் தேடுவோன் எழுதும் வடிவமே தலைப்பிலும் நின்றுவிடும். ‘தமிழ்ப் பாடநூல்’ என்பதிலுள்ள பகர ஒற்றை விட்டுவிட்டால் தேடல் எளிதாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் உடன்படவில்லை. ‘பாடநூல்: தமிழ், உயர்நிலை 2’ என மாற்றி எழுதலாமே! ஒற்று மிகும் இடமே அங்கு இல்லை. இலக்கணத்தை மீறாமல் இலக்கணத்திற்கு இடந்தராமல் எழுதும் வழியும் நம்மிடம் உண்டு.

எழுத்துப்பிழை இதனினும் கொடியது. ஔவையார் என்பதில் முதலெழுத்து ஔகாரம். யூனிகோடில் அதற்குத் தனிக் குறியெண் உண்டு. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அது ‘ஒ-ள-வையார்’. தலைப்பில் இப்பிழை நேர்ந்தால், மூதாட்டியைச் சரியாக எழுதித் தேடும் மாணவனுக்கு நம் பக்கம் தென்படாமலே போகலாம். ஒவ்வொரு தலைப்பையும் ஒருமுறை எழுத்தெண்ணிப் பாருங்கள்.

நீளம் பற்றியும் ஒரு சொல். தேடல் முடிவில் திரையின் அகலத்திற்கு மேற்பட்டது வெட்டப்படும். நம் எழுத்துகள் அகலமானவை. ஆதலின் முதன்மைச் சொல் முன்னே வரட்டும்; பள்ளியின் பெயர் இறுதியில் நிற்கட்டும். ஒரே சொல்லைப் பலவாறு அடுக்குவதைக் கூகல் தன் வழிகாட்டுதலில் விலக்கச் சொல்கிறது. 2021 முதல், பொருந்தாத தலைப்பை விடுத்துப் பக்கத்திலுள்ள வேறு தொடரை அதுவே எடுத்துக் காட்டுவதும் மிகுந்துள்ளது. நாம் பெயரிடத் தவறினால் பொறி பெயரிட்டுவிடும்.

என் பக்கத்தை ‘வேற்றுமை: எட்டு வகைகள், உருபுகள், எடுத்துக்காட்டுகள்’ என மாற்றினேன். பொறி மீண்டும் வந்து படிக்கும் வரை மாற்றம் தெரியாது. சில வாரங்கள் காத்திருந்தேன். பிறகு அந்த ஆசிரியை, தம் மாணவன் ஒருவனே அதைத் தேடியெடுத்து வகுப்பிற்குக் கொண்டுவந்ததாகச் சொன்னார். பழைய பெயரை அடியோடு நீக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தின் உள்ளே, பாடத்தின் முதல் வரிக்கு மேல், சிறிய எழுத்தில் ‘மொழித்தேனில் ஒரு துளி’ இன்றும் இருக்கிறது.