கப்பலுக்கு முந்தின நாள்



சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு நாள் சுற்றிவிட்டு வரும் வழக்கம் நம் குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது. அறுபதாம் கல்யாணம் முடித்த பெற்றோரைப் பிள்ளைகள் அனுப்பி வைக்கிறார்கள். வங்கி நண்பர்கள், பள்ளித் தோழர்கள் என்று கூட்டமாகவும் கிளம்புகிறார்கள். போகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கணக்குப் போடுகிறார்கள். "கப்பல்லதான் வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டே, ஊர்ல எதுக்குக் காசைக் கொட்டணும்?" ஆகவே, முந்தின நாள் சிங்கப்பூரில் இறங்கி, கையோடு கொண்டுபோன புளியோதரையில் பொழுதை ஓட்டிவிட்டு, முஸ்தபா கடையில் சாமான் வாங்கிக்கொண்டு, காலி வயிற்றோடு கப்பல் ஏறுகிறார்கள்.

இந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. கப்பலில் பரப்பி வைக்கும் விருந்து எந்தக் கடலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லா நாட்டு நாக்குக்கும் பொதுவாகச் சமைத்தது. சிங்கப்பூர் என்கிற துறைமுகம் இருநூறு ஆண்டுகளாகத் தனக்கென்று சமைத்துவைத்திருப்பது கரையில்தான் இருக்கிறது. அந்தப் பயணத்தின் உயர்ந்த பகுதி கப்பலுக்கு முந்தின நாள்தான் என்பது என் கட்சி.

முந்தின நாளே போய்ச் சேர்வதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. விசாவை ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்புவதால் மறுபடி உள்ளே நுழையவும் அந்த விசா செல்ல வேண்டும். இன்னொன்று, அங்கே கப்பல் நிலையங்கள் இரண்டு. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது பழையது. மரினா பேயில் இருப்பது 2012-ல் திறந்தது. எந்த நிலையம் என்று சீட்டில் பார்த்துவைத்துக்கொண்டால் மறுநாள் பதற்றமில்லை. இனி ஊருக்குள் போவோம்.

சென்னையிலோ திருச்சியிலோ இரவு விமானம் ஏறினால் விடிகிற நேரத்தில் சாங்கியில் இறங்கலாம். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு முதலில் ஒரு கோப்பிக்கடைக்குப் போங்கள். நம் டிகிரி காபியை மனத்தில் வைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான். அங்கே கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கிறார்கள். நீண்ட துணிப் பையில் தூளைப் போட்டு, மூக்கு நீண்ட குவளையிலிருந்து வெந்நீரை ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். 'கோப்பி' என்று மட்டும் கேட்டால் டின் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய சொல் அது.

கோப்பியோடு காயா ரொட்டி. தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் ரம்பை இலையும் சேர்த்துக் கிளறிய களிம்பை, சுட்ட ரொட்டிக்குள் தடவி, நடுவில் கட்டி வெண்ணெயை வில்லையாக வைத்துக் கொடுப்பார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அதில் சோயா சாறு நாலு சொட்டும் வெள்ளை மிளகுத் தூளும் போட்டு, ரொட்டியைத் தோய்த்துத் தின்ன வேண்டும். இந்தக் கடைகளைப் பரப்பியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். மற்ற சீனர்களுக்குப் பின்னால் வந்ததால் நல்ல தொழில்கள் கைநழுவிப் போயிருந்தன. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாகப் போனார்கள். துரைமார் மேசையில் பார்த்த ரொட்டியும் பழக்கூழும் அவர்கள் கைப்பட்டுத் தேங்காய்ப்பால் பலகாரமாகிவிட்டது. கப்பல் ஏறப் போகிறவர்கள் காலையில் தின்ன இதைவிடப் பொருத்தமான பண்டம் எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு நடக்கலாம். இன்று அங்கே நின்றால் கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும். கடலின் வாடைகூட வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலை அடித்த கரை அதுதான். பின்னால் கடலை மண் போட்டுத் தூர்த்துக்கொண்டே போய்விட்டார்கள். கரை போனாலும் கரையோரத்து வழிபாட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் நாகூர் தர்கா. 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், கடல் கடத்திச் சேர்த்த நாகூர் ஆண்டவருக்கு நன்றியாக எழுப்பியது. அடுத்து தியான் ஹோக் கெங் கோயில். கடலின் தாயான மாஸு தேவிக்குச் சீனர்கள் கட்டியது. 1840-களின் தொடக்கத்தில் முடிந்தது. இன்னும் சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-ல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் தமிழ் முஸ்லிம்களுக்கு அது இன்றும் குச்சுப் பள்ளிதான். பிழைத்து வந்து கரையில் கால் வைத்தவுடன் அவரவர் நேர்ச்சையை முடிக்க அவரவர் வாசல். ஐந்து நிமிட நடைக்குள் இத்தனையும் இருக்கின்றன. மெர்லயன் சிலைக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்கும் நேரத்தை இங்கே செலவிடலாம் என்பேன்.

இந்தத் தெருவில் நிற்கும்போது நம் பாட்டன்மார் வந்த கப்பலும் நினைவுக்கு வரத்தான் செய்யும். 1926-ல் கட்டிய 'ரஜூலா' சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தது. பெரும்பாலோருக்கு மேல்தட்டில்தான் இடம். பாயை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்த வழி அடைபட்டது. ரஜூலா காலத்தில் வந்தவர்களில் பலரை நேரே ஊருக்குள் விடவில்லை. நோய்த் தடுப்புக்காகச் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி வைத்திருந்தே அனுப்பினார்கள். நாம் கடவுச்சீட்டை இயந்திரத்தில் காட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வருகிறோம்.

சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வந்தால் மாரியம்மன் கோயில். 1819-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளை 1827-ல் தொடங்கிய கோயில் இது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நாலு அடி வைத்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். அது இருக்கும் தெருவின் பெயர்ப் பலகையைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கடையநல்லூர் தெரு! தென்காசிப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பலகையோடு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை.

உணவங்காடி நிலையம் என்பது கூரைக்கு அடியில் கூடிய தெருவோரக் கடைகள். ஒரு காலத்தில் காவடி போலத் தோளில் தூக்கியும் தள்ளுவண்டியிலும் விற்றுத் திரிந்தவர்களை 1968 வாக்கில் கணக்கெடுத்தார்கள். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் கொண்ட கூடங்கள் கட்டி, 1986-க்குள் எல்லாரையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இன்று இப்படி நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020-ல் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் தெருக்கடையை அப்புறப்படுத்துவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடுதான் ஞாபகம் வருகிறது. அவர்கள் கடையை எடுத்தார்கள், கைமணத்தை எடுக்கவில்லை.

அங்கே சாப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. மேசையில் ஒரு சின்ன காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம்; உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம், மீறினால் அபராதம்.

மேக்ஸ்வெலில் கோழிச் சோறு வாங்குங்கள். முதலில் பார்த்தால் நமக்கு முகம் சுளிக்கும். வெளுத்த கோழி, மசாலா இல்லை, எண்ணெய் மிதக்கவில்லை. 'வெந்திருக்கா?' என்றுகூடத் தோன்றும். கோழியைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து நிதானமாக வேகவிட்டு, எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் முக்குகிறார்கள். அதனால்தான் தோல் வழவழப்பாகவும் சதை நீர் வற்றாமலும் இருக்கிறது. ஆனால் வித்தை சோற்றில் இருக்கிறது. அரிசியைக் கோழிக் கொழுப்பில் இஞ்சி பூண்டோடு பிரட்டி, கோழி வெந்த சாற்றிலேயே வடிக்காமல் வேகவைக்கிறார்கள். பருக்கை பருக்கையாக நிற்கும். மிளகாயும் பூண்டும் எலுமிச்சையும் அரைத்த துவையலைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தால் கோழியை மறந்து சோற்றையே தின்னத் தோன்றும். ஐந்தாறு வெள்ளிக்குள், அதாவது சிங்கப்பூர் டாலருக்குள், முடிந்துவிடுகிற சாப்பாடு இது. பேர்பெற்ற கடையின் முன்னால் வரிசை நீண்டிருந்தால் நிற்காதீர்கள். பக்கத்துக் கடை அவ்வளவு ஒன்றும் குறைந்துபோகாது.

சைவக்காரர்களுக்குச் சீனக் கடைகளில் எச்சரிக்கை தேவை. காய்கறி வதக்கலில் இறால் விழுதோ பன்றிக் கொழுப்போ இருக்கக்கூடும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். பல நிலையங்களில் சீன சைவக் கடை தனியாகவே இருக்கும். அங்கே சோயாவில் செய்த 'கோழி'யைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

மாலையில் சிங்கப்பூர் ஆற்றங்கரை. வெளிச்சமும் படகுமாக அழகாகத்தான் இருக்கும். சரக்குத் தோணிகள் நெருக்கியடித்து, நாற்றமெடுத்துக் கிடந்த ஆறு அது; 1977-லிருந்து பத்தாண்டுகள் துப்புரவு செய்து மீட்டார்கள். அந்தக் கரைக்குப் பக்கத்து மார்க்கெட் தெருவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கணக்குப் பெட்டியைச் சாய்வாக வைத்து, தரையில் அமர்ந்து அவர்கள் கொடுத்து வாங்கிய இடத்தில் இப்போது வங்கிக் கட்டடங்கள். ஆற்றங்கரை உணவகங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மிளகாய் நண்டு என்று ஆசை காட்டுவார்கள், எடைக்கு விலை. நண்டு எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை வெள்ளி என்று முதலிலேயே கேட்காமல் உட்கார்ந்தால், கப்பலுக்குக் கட்டிய பணத்தில் நல்ல பங்கு ஒரு நண்டுக்குப் போய்விடும்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலைக்குப் போனதும் நம்மவர்கள் கண் தானாகச் சாம்பார் சாதத்தைத் தேடும். வேண்டாம், அது ஊரிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இல்லாத தமிழ்ச் சமையல் ஒன்று அங்கே இருக்கிறது, அதைக் கேளுங்கள். மீ கோரெங்கை எடுத்துக்கொள்வோம். சீனரின் மஞ்சள் நூடுல்ஸ், மலாய்ப் பெயர், தமிழ் முஸ்லிம் கடைக்காரரின் கை. இரும்புச் சட்டியில் மிளகாய் விழுது பொரிகிற சத்தத்தில் தும்மல் வரும். தக்காளியும் உருளைக்கிழங்கும் முட்டையும் விழுந்து, கரண்டியால் அடித்துப் பிரட்டியதும் எல்லாம் செக்கச்செவேலென்று தட்டுக்கு வந்துவிடும். ஓரத்தில் வெள்ளரி வில்லைகள். இந்தப் பண்டத்தை ஊரில் இருக்கும் அந்தக் கடைக்காரரின் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

மீன்தலைக் கறி இன்னும் சுவையான கதை. நம்மவர்கள் மீன்தலையைத் தனி விருந்தாகப் பரிமாறியதில்லை. சீனர்களுக்கோ தலைதான் பிரியம். கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949-ல் சோஃபியா சாலையில் நடத்திய கடையில், வாடிக்கையாளர் விருப்பம் அறிந்து, சங்கரா மீனின் பெரிய தலையைப் புளிக்குழம்பில் இறக்கினார். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்க, கன்னச் சதை கரண்டியால் தொட்டாலே கழன்று வரும். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டு அதைப் பரிமாறுகிறார்கள். ஒரு தலை நாலு பேருக்குக் காணும். கொஞ்சம் விலைதான், ஆனால் அந்த ஊரில் உட்கார்ந்து காசு செலவழிக்கத் தகுந்த ஒரே வேளை அதுவென்று சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. உணவங்காடிகளில் புழுக்கம், மின்விசிறி சூடான காற்றைத்தான் சுழற்றும். விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர்களில் பலர் அறுபதை ஒட்டியவர்கள். விடியுமுன் எழுந்து நாள் முழுக்க அடுப்படியில் நிற்கப் பிள்ளைகள் வருவதில்லை. அரசு பயிற்சி கொடுத்துப் புது ஆட்களைக் கொண்டுவரப் பார்க்கிறது. கைப்பக்குவம் பயிற்சி வகுப்பில் எவ்வளவு வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இன்றைக்கு இருக்கும் பெரியவர்கள் கடையைப் பூட்டுவதற்குள் போய்ச் சாப்பிட்டுவிடுவது நல்லது.

மறுநாள் கப்பல். ஆனாலும் ஏறும் நேரம் பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்குள் ஒரு பிராட்டா சாப்பிட நேரம் உண்டு. நம் பரோட்டாவின் பங்காளிதான், ஆனால் அடுக்கு அதிகம் பிரிக்காமல் மெல்லிசாக வீசி, வெளியே மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள். தொட்டுக்கொள்ள மீன் குழம்போ பருப்போ வரும். சர்க்கரை தொட்டுக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு. ஹார்பர்ஃபிரண்டில் கப்பல் என்றால் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா வழித்தட ரயிலில் ஏறினால் நேரே கொண்டுபோய் விடும். மரினா பே என்றால் தோபி காட்டில் சிவப்பு வழித்தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். பெரிய பெட்டிகளும் வயதான கால்களும் கூட வந்தால் ரயிலை நினைக்காமல் டாக்சி பிடித்துவிடுங்கள். மரினா பே கப்பல் நிலையத்தைச் சுற்றி நம்பிப் போகிற அளவுக்குச் சாப்பாட்டுக் கடைகள் கிடையாது. அதனால் பிராட்டாவைத் தேக்காவிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.