கிரீஸ் கன்னும் அதை நிரப்பும் கருவியும்



கார்டன் ரீச் கப்பல்தளம் 1884-இல் ஹூக்ளிக் கரையில் சிறு பட்டறையாகத் தோன்றியது. 1960-இல் இந்திய அரசு அதனை ஏற்றது. 1961-இல் ‘அஜய்’ போர்க்கப்பலை அது கடற்படைக்கு அளித்தது. இத்தகைய இடத்தில் கிரீஸ் கன்னைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கிரேனும் வின்ச்சும் அக்கைக்கருவியை நம்பியே சுழல்கின்றன.

சுரண்டிய துருவும் அரவைத் துகளும் கப்பல்தளக் காற்றில் எப்போதும் உண்டு. அங்கே டிரம்மைத் திறந்து வைத்து, குச்சியாலோ விரலாலோ கிரீஸை வழித்துக் கன்னில் அடைத்தால் துகளும் உடன் செல்லும். பேரிங்கினுள் அது சாணைப் பசையாகி உலோகத்தைத் தேய்க்கும். இடையில் காற்று சிக்கினாலோ, நெம்புகோல் அசையும், கிரீஸ் வராது. பழி கன்னின் மேல் விழும்!

நிரப்பும் கருவியில், மூடிய டிரம்மின் மேல் ஒரு கைப்பம்பு. உள்ளே கிரீஸின் மேல் அமரும் ஒரு தட்டு. கிரீஸ் குறையக் குறையத் தட்டும் இறங்குவதால் காற்று புகுவதற்கு இடமில்லை. கன்னின் நிரப்பு முனையைப் பம்பின் வாயில் பொருத்தி அழுத்தினால், பிஸ்டன் பின்வாங்கும். அதன் தண்டு முழுவதும் வெளிவந்ததும் நிறுத்த வேண்டும். கையில் கிரீஸ் படுவதில்லை, தரையில் சிந்துவதுமில்லை.

எனினும், முனையைத் துடைக்காமல் பொருத்தினால் கருவியால் பயனில்லை. ஒரே பம்பில் வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலக்கலாகாது; சில வகைகள் கலந்தால் இளகிவிடும். நிரப்பு முனை இல்லாத கன்களும் விற்கப்படுகின்றன. கொள்முதல் அலுவலர்கள் விலைப்புள்ளி கோரும்போதே அதனைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.