மெலியும் உடலும் மேனி மறைக்கும் ஆடையும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்பின் வாலிபச் சகோதர சகோதரிகளே! மதிப்பிற்குரிய பெற்றோர்களே!

இன்று நாம் பேசவிருக்கும் விடயம் சிலருக்கு அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் பல வீடுகளில் அது வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு கவலையாக இருந்து வருகின்றது. வைத்தியரின் ஆலோசனைப்படி ஒருவர் எடையைக் குறைக்க ஆரம்பிக்கின்றார். மூன்று மாதங்களில் அவரது காற்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. சேட்டின் தோள் கைக்கு இறங்கிவிடுகின்றது. புதிதாக வாங்குவதற்குப் பணமில்லை. வாங்கினாலும் இன்னும் மூன்று மாதங்களில் அதுவும் பெரிதாகிவிடும். இந்நிலையில் அவர் என்ன செய்வது? இதற்கு மார்க்கமும் அனுபவ அறிவும் காட்டும் வழி யாது என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உணவும் உடையும்

அல்குர்ஆனின் ஸூரா அல்அஃராபில் 31ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். தொழும் இடந்தோறும் அழகான ஆடையை அணிந்துகொள்ளுமாறு அல்லாஹ் ஏவுகின்றான். அதே வசனத்திலேயே உண்ணவும் பருகவும் அனுமதித்து, வீண்விரயத்தைத் தடுக்கின்றான். உடையும் உணவும் விரயமும் ஒரே வசனத்தில் இணைந்திருப்பதைக் கவனியுங்கள். அளவோடு உண்பவன் ஆடையிலும் அளவைப் பேண வேண்டும். ஆடையில் அளவைப் பேணுகின்றேன் என்று சொல்லி அலங்கோலமாக அல்லாஹ்வின் முன் நிற்கவும் கூடாது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நமது நாட்டில் சீனி வருத்தம் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகி வருகின்றது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நீரிழிவு வரும் ஆபத்தில் இருந்த 3,000க்கும் மேற்பட்டோரை அவதானித்தது. அவர்களுள் உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதையும், வாரத்திற்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு ஏற்படுவது 58 வீதத்தால் குறைந்தது. 90 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஏறக்குறைய ஆறு கிலோ மாத்திரமே. ஆகவே எடையைக் குறைக்கும் ஒருவரை அழகுக்காக ஆசைப்படுகின்றார் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் தனது அமானிதத்தைப் பேணுகின்றார்.

இங்கு ஓர் எச்சரிக்கை. உணவைக் குறைக்காமல், நடைப்பயிற்சியும் செய்யாமல், ஆடை தானாகவே தளர்ந்து வருமாயின் அது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று. அதனோடு அதிக தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் இருந்தால் நீரிழிவின் அடையாளமாக இருக்கலாம். அத்தகையவர் தையற்கடைக்குப் போகுமுன் வைத்தியரிடம் போக வேண்டும்.

தொழுகையில் வெளிப்படும் குறை

பொருந்தாத ஆடை வெறும் தோற்றத்தின் குறை மட்டுமல்ல. ஜும்ஆவில் நமக்கு முன் வரிசையில் நிற்கும் சில சகோதரர்களைப் பார்க்கின்றோம். ஒருவரின் காற்சட்டை இறுக்கமாக இருப்பதால் ஸுஜூதில் முதுகின் கீழ்ப்பகுதி வெளிப்படுகின்றது. மற்றவரின் காற்சட்டை தளர்ந்திருப்பதால் ருகூஃவிலிருந்து எழும்போதெல்லாம் ஒரு கையால் அதனைப் பிடித்துக்கொள்கின்றார். ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி அவ்ரத் ஆகும். அவ்ரத்தை மறைப்பது தொழுகையின் நிபந்தனை. கவனம் ஆடையில் இருக்கும்போது உள்ளச்சம் எங்கிருந்து வரும்?

சகோதரிகளின் நிலையும் அவ்வாறே. வயிறு குறையும்போது ஹபாயாவின் முன்பகுதி கீழே இறங்கிவிடும். படிகளில் அது காலில் சிக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து செல்லும்போது சில்லில் சிக்கவும் கூடும். மேனியை மறைக்கும் ஆடை உயிருக்கு ஆபத்தாக மாற நாம் இடமளிக்கலாமா? எனவே எடை குறைந்துவரும் காலத்தில் ஹபாயாவின் கீழ் விளிம்பைப் பார்த்து மடித்துத் தைப்பது அவசியமாகும்.

இரண்டு எல்லைகள்

இவ்விடயத்தில் மக்கள் இரண்டு எல்லைகளில் நிற்கின்றனர். ஒரு சாரார், ஐந்து கிலோ குறைந்தவுடன் அலுமாரியையே புதிதாக நிரப்புகின்றனர். வேறு சிலர் இன்னும் எட்டாத ஒரு சிறிய அளவில் ஆடையை வாங்கித் தொங்கவிட்டு, அதற்குள் நுழையும் நாளை எதிர்பார்த்திருக்கின்றனர். அந்த நாள் வராவிட்டால் பணமும் வீண், மனமும் சோர்வடையும். இன்னும் சிலர் தவணை முறையில் வட்டியோடு வாங்குகின்றனர். உடலின் நோயைத் தீர்க்கப் புறப்பட்டவர் வட்டி என்னும் பெரும்பாவத்தில் விழலாமா?

மறு சாரார், இலக்கை அடையும் வரை ஒரு சதமும் செலவழிக்க மாட்டேன் என்கின்றனர். சேப்டி பின்னைக் குத்திக்கொண்டு ஒரு வருடம் நடமாடுகின்றனர். பிறகு கல்யாண வீட்டுக்குப் போக வெட்கப்படுகின்றனர். காலையில் நடக்கப் போகவும் வெட்கப்படுகின்றனர். ஈற்றில் முயற்சியையே கைவிடுகின்றனர். வசதி இருந்தும் அலங்கோலமான ஆடையில் வந்த ஒருவரிடம், அல்லாஹ் வழங்கிய அருளின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறினார்கள். மறுபுறம், கலீபா உமர் (ரழி) அவர்களின் தோள்களுக்கிடையே ஆடையில் ஒட்டுத் தையல் இருந்ததை அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒட்டுப் போட்ட ஆடை இழிவன்று. இருப்பதைக் கொண்டு ஒழுங்காக உடுத்தாமல் விடுவதே குறையாகும்.

விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களை ஸூரா அல்புர்கானின் 67ஆம் வசனம் புகழ்கின்றது. அந்த நடுவழி நமது விடயத்தில் எவ்வாறு அமையும் என்பதைப் பார்ப்போம்.

கணக்கும் கத்தரிக்கோலும்

வாரத்திற்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பொதுவாகப் பாதுகாப்பான வேகம். ஒரு கிலோ குறைந்தால் இடுப்புச் சுற்றில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆளுக்காள் இது வேறுபடும். காற்சட்டை அளவுகள் பெரும்பாலும் இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் வருகின்றன. ஆகவே சுமார் ஐந்து கிலோ குறையும்போதே ஓர் அளவு மாறுகின்றது. வாரத்திற்கு அரை கிலோ என்றால் அதற்குப் பத்து வாரங்கள் செல்லும். இரண்டரை மாதத்திற்கு ஒருமுறை ஆடையைக் கவனித்தால் போதுமானது. ஒவ்வொரு கிலோவுக்கும் கடை ஏறத் தேவையில்லை.

முதலாவதாக, வாங்குவதற்கு முன் தைத்துப் பாருங்கள். காற்சட்டையின் இடுப்பைப் பின்பக்க நடுத்தையலில் சுமார் இரண்டு அங்குலம் வரை பிடித்துத் தைக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அமைப்புக் கெட்டுவிடும். சேட்டையும் சல்வார் மேற்சட்டையையும் சாரிச் சட்டையையும் இரு பக்கத் தையல்களில் பிடிப்பது எளிது. தோளைச் சிறிதாக்குவதே கடினமான வேலை. எனவே தோள் பொருந்தும் ஆடைகளைத் தைக்கக் கொடுங்கள். தோள் வெகுவாக இறங்கியவற்றைப் பிறருக்குக் கொடுக்க எடுத்து வையுங்கள். பிடித்துத் தைக்கும்போது மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாம் என்று தையற்காரரிடம் சொல்லுங்கள். அந்த எடையில் சில மாதங்கள் நிலைத்த பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, உடலோடு ஒத்துப்போகும் ஆடைகளைத் தேர்ந்தெடுங்கள். நமது சாரத்திற்கு அளவு என்று ஒன்று கிடையாது. 100 கிலோவிலும் 70 கிலோவிலும் ஒரே சாரத்தை உடுத்தலாம். மருதமுனைத் தறிகளில் நெய்யப்படும் சாரம் இதற்கு நல்ல உதாரணமாகும். நாடா கோர்த்த சல்வார், நேராகத் தைத்த ஜுப்பா, சாரி ஆகியனவும் இத்தகையனவே. பெருநாளுக்காகப் புறக்கோட்டையில் மலிவாகத் துணி கிடைத்தால் வாங்கி வையுங்கள். ஆனால் உடல் ஒரு நிலைக்கு வரும் வரை கத்தரிக்கோல் வைக்காதீர்கள். வெட்டாத துணி எந்த உடலுக்கும் பொருந்தும்.

மூன்றாவதாக, இடைக்காலத்திற்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வேலைக்குப் போகும் ஒருவருக்கு இரண்டு காற்சட்டைகளும் மூன்று சேட்டுகளும் போதுமானவை. துவைத்து மாற்றி உடுத்தலாம். ஏற்றுமதிக்காகத் தைத்து மிஞ்சிய ஆடைகள் நமது நாட்டில் குறைந்த விலையில் கிடைக்கின்றன. உள்ளாடைகளைத் தைத்துச் சரிசெய்ய முடியாது. ஆகவே முதற் செலவு அதற்காக இருக்கட்டும். புதிய அழகான ஆடைக்குரிய பணத்தைக் கடைசி நிலைக்காகச் சிறுகச் சிறுகச் சேமியுங்கள்.

வாலிபர்களே! ஊசி நூல் பிடிப்பதைப் பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்பவர்களாகவும், செருப்பைத் தாமே செப்பனிடுபவர்களாகவும் இருந்ததை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு பொத்தானை இடம் மாற்றித் தைப்பதும் ஒரு விளிம்பை மடித்துத் தைப்பதும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியவை.

உம்மாவின் ஆடை

பெற்றோர்களே, பிள்ளைகளே! 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் நமது நாட்டின் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. பின்னர் வேகம் தணிந்தாலும் பொருட்கள் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இந்நெருக்கடியில் வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகத் தனக்கு வாங்குபவர் யார்? பெரும்பாலும் உம்மாதான். வாப்பாவின் காற்சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, தனது தளர்ந்த ஆடையில் பின்னைக் குத்திக்கொள்பவரும் அவரே. கிளினிக்கில் வைத்தியர் நடக்கச் சொன்னாலும், வெளியே போக ஒழுங்கான உடுப்பு இல்லை என்பதைச் சொல்லாமல், நேரமில்லை என்று சொல்லிவிடுவார்.

மகனே! மகளே! உங்கள் உம்மா ஏன் நடக்கப் போவதில்லை என்பதைக் கேட்டறிந்தீர்களா? இந்தப் பெருநாளில் உங்களுடைய மூன்றாவது உடுப்பைத் தவிர்த்து, அவருக்கு நடப்பதற்கேற்ற ஒரு ஹபாயாவையும் ஒரு சோடி பாதணியையும் வாங்கிக் கொடுங்கள். கணவன்மாரே! மாத்திரைக்குச் செலவழிப்பது போல இதனையும் மருத்துவச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். மனைவிக்கு உடையளிப்பது கணவனின் கடமை என்பதை மறந்துவிடலாகாது.

நாவைப் பேணுவோம்

எடை குறைப்பவரின் பெரும் சுமை ஆடையின் விலையன்று; பிறரின் சொல்லேயாகும். பருத்திருந்தபோது ஒரு பட்டப்பெயர், மெலிந்த பின்னர் உனக்கு என்ன வருத்தம் என்றொரு கேள்வி. தளர்ந்த சேட்டைக் கண்டால், இது யாருடைய சேட் என்றொரு நகைப்பு. பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடைசெய்துள்ளது. வீட்டில் நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், பருவ வயதுப் பிள்ளையை அறைக்குள்ளே பட்டினி கிடக்கச் செய்துவிடும். பிள்ளையின் எடையைப் பற்றிப் பேச வேண்டுமாயின் தனியாகப் பேசுங்கள், அன்போடு பேசுங்கள், அவனோடு சேர்ந்து நீங்களும் நடவுங்கள்.

கொடுப்பதிலும் கண்ணியம்

ஈற்றில், நமக்குப் பெரிதாகிவிட்ட ஆடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாம் கண்ணை மூடிக்கொண்டேயன்றிப் பெற்றுக்கொள்ளாத மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க வேண்டாம் என்று ஸூரா அல்பகராவின் 267ஆம் வசனம் உணர்த்துகின்றது. ஆகவே கொடுப்பதைத் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுங்கள். உறவினரில் அந்த அளவு உடலுடையவர் இருந்தால், பத்துப் பேர் முன்னிலையில் அன்றி, தனியாகக் கேட்டுக் கொடுங்கள். பெறுபவர்களே! நல்லெண்ணத்தோடு தரப்படும் ஆடையைப் பெறுவதில் இழிவேதுமில்லை. மெலிந்துவரும் இருவர் தமக்குள் ஆடைகளை மாற்றிக்கொள்வதும் செலவைக் குறைக்கும் சிறந்த வழியாகும்.

அன்பானவர்களே! உடல் நாளை எந்த அளவில் இருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் இன்றைய தொழுகை இன்றைய உடலோடுதான் நிறைவேற்றப்படுகின்றது. குறைந்த பிறகு நன்றாக உடுத்துவேன் என்று தள்ளிப் போடாமல், இருப்பதைச் சீர்செய்து, இன்றைக்கே ஒழுங்காக உடுத்துவோம்.

உடலை அமானிதமாகப் பேணவும், விரயத்தையும் கஞ்சத்தனத்தையும் தவிர்க்கவும், நம் குடும்பத்தாரின் சொல்லாத தேவைகளை அறிந்து நிறைவேற்றவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.