பாடியவர் தம்மைப் பற்றிச் சொன்னவை



இசைவாணர் தம் ஆசிரியரையும் பயிற்சியையும் வாழ்வையும் பற்றிச் சொன்னவற்றையே இன்று என் பொருளாகக் கொண்டேன். தமிழில் இதனைத் தேடுவார்க்கு முதலில் கைகொடுப்பவர் தொழில்முறைப் பாடகர் அல்லர். ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஆசிரியரைப் பற்றித் தந்தையார் சொல்லிவந்தவை மகனின் எழுத்தில் நிலைபெற்றன.

கிருஷ்ணையர் தஞ்சை அரண்மனையில் இருந்த நாளில் பொப்பிலி கேசவையா என்னும் வித்துவான் வந்து கனமார்க்கம் பாடினார். அடிவயிற்றிலிருந்து நாதத்தை எழுப்பிப் பாடும் கடுமையான முறை அது. உடல் தாங்காது என்று பிறர் தயங்க, கிருஷ்ணையர் அதனைக் கற்க முன்வந்தார். கபிஸ்தலத்தில் தங்கி இடையறாது பயின்று கைவரப்பெற்றார். 'கனம்' என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அவ்வாறுதான். தாம் பெற்ற செல்வாக்கைத் தம் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டவர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. பாட்டெழுதும் நமக்கு இத்தகைய உழைப்பு ஏது?

கோபாலகிருஷ்ண பாரதியார் செய்தி நம்மை இன்னும் நெருங்கித் தொடுவது. அவர் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பன்முறை நடந்தார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் காலம் கடத்திவந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலுறக்கத்தில் இருக்க, காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளை மெல்லப் பாடலானார். கேட்ட புலவர் உருகிக் கண்ணீர் பெருக்கினார், பாயிரமும் கிடைத்தது. ஏட்டில் வழுவாகத் தெரிந்தது பாட்டில் தெரியவில்லை.

ஆயினும் அந்தக் கண்ணீர் இசையையும் இலக்கியத்தையும் ஒன்றாக்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1871இல் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்கச் சேர்ந்த சாமிநாதையர் மாயூரத்தில் பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையில் புத்தி சென்றால் இலக்கியத்தில் ஊன்றாது என்று ஆசிரியர் கருதியதை அறிந்ததும் அப்பயிற்சியை விட்டுவிட்டார். சங்க நூல்கள் அச்சேறிய கதையை எண்ணினால் தமிழ் இழந்தது ஒன்றுமில்லை எனலாம். எனினும் அந்த விலக்கு இன்னும் நம் வகுப்பறைகளில் வாழ்கிறது. இசைப்பாட்டு என்றால் இரண்டாம் தரம் என்னும் எண்ணத்தோடு பட்டம் பெற்று வெளிவருகிற மாணவரை ஆண்டுதோறும் காண்கிறேன்.

செஞ்சியில் நின்று இதைப் பேசக் காரணம் உண்டு. நம் பக்கத்து மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலை ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இல் பெருநூல் வெளியிட்டார். கோட்டையோ 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சியே. கல்லுக்குக் காவல் கிடைத்தது. இந்தக் கோயில்களின் பாரதக் கூத்தில் பாடுகிற வாத்தியார்களோ தம்மைப் பற்றித் தாமே சொன்னவை எங்கே? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கள் நீள்கின்றன. திரைக்குப் பின் நின்று எடுக்கிற முதற்பாட்டிலேயே வேடக்காரர் களம் முழுதும் கேட்கச் செய்தாக வேண்டும். மத்தளமும் தாளமும் முகவீணையும் துணை நிற்க, பின்பாட்டுக்காரர் தாங்கிக்கொள்ள, விடியும்வரை தொண்டை உடையாமல் காக்கிறார்கள். விருத்தமும் தருவும் அவர்கள் நாவில் புரள்கின்றன. யாப்புப் படித்த நாம் அவற்றை யாப்பாக எண்ணிப் பார்த்ததுண்டா?

அவர்களிடம் கேட்க வேண்டியவை எளியவை. முதன்முதலில் யார் பாட்டைக் கேட்டு மயங்கினீர்கள்? குரல் உடைந்த வயதில் என்ன செய்தீர்கள்? ஆசிரியர் கற்றுத்தந்ததில் எதை மாற்றினீர்கள்? கூத்தில்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது? வேங்கடசுப்பையருக்கு எழுதத் தெரிந்த மகன் வாய்த்தார். இங்குள்ள வாத்தியார்களின் பிள்ளைகள் பலர் வேலை தேடி வெளியூர் போய்விட்டனர்.

வட்டத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் கவிதை வாசிப்பிற்கு முன் ஒரு மணி நேரத்தை ஒரு கூத்து வாத்தியாருக்கு ஒதுக்குங்கள். பாடச் சொல்ல வேண்டா, பேசச் சொல்வோம். ஒலிப்பதிவு செய்ய என் மாணவியர் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர். எழுத்தில் பெயர்ப்பது என் பொறுப்பு. வண்டிச் செலவை மட்டும் வட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.