வாசலில் கோலம் இல்லையே!

பட்டிமண்டபத் தலைப்பு: அன்றாட நடப்பை அறிய நமக்கு நல்ல துணை கைப்பேசியா? அக்கம்பக்கமா?
('அக்கம்பக்கமே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால பேசின தம்பி ரொம்ப அழகாப் பேசினார். "மழை வருமா வராதான்னு தெரிஞ்சுக்க நான் ஜன்னலைத் திறக்கிறதே இல்லீங்க, போனைத்தான் திறப்பேன்"னு பெருமையாச் சொன்னார். தம்பி, நீங்க போனைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தப்ப, கொடியில காயப் போட்ட உங்க வேட்டியை எடுத்து மடிச்சு வச்சது யாருங்க? அடுத்த வீட்டு அம்மா! (சிரிப்பு)

"அக்கம்பக்கம்னா வம்பு, செய்தி இல்லை"ன்னும் சொன்னார். ஒத்துக்கிறேன். எங்க தெருவுல யார் வீட்டுல என்ன குழம்புன்னு யாரும் கேட்கவே வேண்டாம், தானா வந்து சேரும். ஆனா நடுவர் அவர்களே, என் வீட்டுல என்ன குழம்புன்னு தெரிஞ்சவருக்குத்தான், என் வீட்டுல இன்னிக்கு அடுப்பே எரியலைங்கிறதும் தெரியும். (கைதட்டல்)

எங்க மதுரையில குளிர்னா என்ன குளிர்? இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே போதும், குரங்குக் குல்லாய் வெளியே வந்துரும். காலைல ஆறு மணிக்கு டீக்கடையில பார்த்தா, யாரு மாமா, யாரு மச்சான்னு அடையாளமே தெரியாது. (சிரிப்பு) எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாங்க. "என்ன சார், பனி ஜாஸ்தியா இருக்கே?"

இது கேள்வியா? யோசிச்சுப் பாருங்க. கேட்கிறவரும் பனியிலதான் நிக்கிறார், பதில் சொல்றவரும் பனியிலதான் நிக்கிறார். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயத்தை எதுக்குக் கேட்கணும்? அது கேள்வி இல்லீங்க, கதவைத் தட்டுறது!

"பனி ஜாஸ்தியா இருக்கே?"

"ஆமாண்ணே. ராத்திரி பூரா அம்மா தூங்கலை. இழுப்பு."

"அடடா! எங்க கொல்லையில தூதுவளை படர்ந்து கிடக்கு. பையனை அனுப்பு, பறிச்சுத் தர்றேன். அப்படியே டாக்டர்கிட்டயும் ஒரு எட்டு காட்டிரு."

பார்த்தீங்களா? ஆகாயத்துல ஆரம்பிச்ச பேச்சு, அடுத்த நிமிஷம் ஒரு தாயோட கட்டில்கிட்ட வந்து நிக்குது. எதிரணி நண்பர்களே, உங்க கைப்பேசியும் "மதுரை, 19 டிகிரி"ன்னு சொல்லுது. சரியாத்தான் சொல்லுது. ஆனா 19 டிகிரியில உங்க அம்மாவுக்கு மூச்சு வாங்குதான்னு அது கேட்குமா? (கைதட்டல்)

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. நம்ம முன்னோர்கள் ஒரு வருஷத்தையே ஆறு பொழுதாப் பிரிச்சாங்க. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆறில் மூணு பொழுது குளிரும் பனியும்! சுட்டெரிக்கிற வெயில் ஊரில் இருந்துகிட்டுக் குளிரை இவ்வளவு நுணுக்கமாப் பார்த்திருக்கான் தமிழன்.

பத்துப்பாட்டில் ஒன்று நெடுநல்வாடை. பாடியவர் நக்கீரர். தலைப்பிலேயே வாடைக்காற்று வீசுது. அந்தப் பாட்டுல கூதிர்க் காலத்துக் குளிரைக் காட்டுகிறார். மாடு மேயுறதை மறந்துடுச்சு, குரங்கு கூனிக் குறுகிப் போச்சு, பால் குடிக்க வந்த கன்றைப் பசுவே உதைச்சுத் தள்ளுதாம். அப்போ மாடு மேய்க்கிறவங்க என்ன செஞ்சாங்க? கன்னமெல்லாம் நடுங்க, நெருப்பை மூட்டிக் குளிர் காய்ஞ்சாங்கன்னு சொல்றார். அதுல ஒரு நுட்பம். ஒருத்தன் தனியா உட்கார்ந்து காய்ஞ்சான்னு நக்கீரர் சொல்லலை. பலரோடு சேர்ந்து காய்ஞ்சாங்கன்னு சொல்றார். நெருப்பைச் சுத்தி நாலு பேர் உட்கார்ந்தா வாய் சும்மாவா இருக்கும்? எந்த மாட்டைக் காணோம், எவன் வீட்டுக் கூரை ஒழுகுது, எந்தப் பக்கம் வெள்ளம் வந்தது, எல்லாம் அங்கேதான் பேசியிருப்பாங்க. அதுதான் ஐயா, தமிழனோட முதல் செய்தி நிலையம்! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் பின்னாலே எழுந்து ஒண்ணு கேட்பார். எனக்குத் தெரியும். அதனால நானே சொல்லிடறேன். "கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை"ன்னு பழமொழி சொல்லிக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்திருப்பீங்களே, 2023 டிசம்பர்ல என்ன ஆச்சுன்னு கேட்பார். நியாயம்தான். அந்த வருஷம் டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்னைக்குத்தான் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை! பழமொழி தோத்துப் போச்சு. ஆகாயத்தைச் சொல்றதுக்கு வானிலை நிலையம் வேணும், செயற்கைக்கோள் வேணும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை வந்தா அதைக் கேட்டு நடக்கணும். இந்த மேடையில இருந்து நான் அழுத்திச் சொல்றேன்.

ஆனா நடுவர் அவர்களே, ஆகாயத்தைச் சொல்லியாச்சு. அடுத்து? அதே 17-ஆம் தேதி ராத்திரி, திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. முன்னால தண்டவாளத்துக்கு அடியில மண்ணும் ஜல்லியும் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. சுத்தி வெள்ளம். சுமார் 800 பயணிகள். குழந்தை குட்டிகளோட, வயசானவங்களோட மாட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கு முதல்ல சோறு போட்டது யார்? பக்கத்துல இருந்த புதுக்குடி கிராமத்து மக்கள்! அவங்க ஊரும்தான் மழையில கிடந்தது. அப்படி இருந்தும் கோயில்ல அடுப்பை மூட்டிச் சமைச்சுப் போட்டாங்க. அந்த ரயில்ல வந்தவங்க அவங்களுக்குச் சொந்தமா? பந்தமா? "ஸ்டேஷன்ல சனங்க பசியோட இருக்காங்க"ங்கிற ஒரு சேதி வீடு வீடாப் போச்சு. வீட்டுக்கு வீடு அரிசி வந்தது. (நீண்ட கைதட்டல்)

இன்னொரு மார்கழியைச் சொல்றேன். 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை. நினைச்சாலே நெஞ்சு நடுங்குது. புதுச்சேரிக்குப் பக்கத்துல நல்லவாடுன்னு ஒரு மீனவர் கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை பார்த்தார். அங்கே செய்தி கேட்டுப் பதறிப்போய் வீட்டுக்குப் போன் பண்ணினார். எடுத்தது தங்கச்சி. "வீட்டுக்குள்ள கடல் தண்ணி வருதுண்ணே"ங்குது. "உடனே வெளியே ஓடு, ஊருக்கெல்லாம் சொல்லு"ன்னார் அண்ணன்.

"பார்த்தீங்களா, செய்தி கொடுத்தது தொலைக்காட்சி, சேர்த்தது தொலைபேசி! எங்க கட்சி ஜெயிச்சது"ன்னு எதிரணி சிரிக்குது. (சிரிப்பு) கொஞ்சம் பொறுங்க. போன் மணி அடிச்சது எத்தனை வீட்டுல? ஒரு வீட்டுல! அந்த ஊர்ல இருந்தது சுமார் 500 குடும்பம். மூவாயிரத்து அறுநூறுக்கு மேல சனம். அந்தப் பொண்ணு தான் மட்டும் தப்பிச்சா போதும்னு ஓடலை, ஊருக்குச் சொல்லுச்சு. சேதி கேட்ட சிலர், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வச்சிருந்த மையத்தோட கதவை உடைச்சு உள்ளே போனாங்க. தினமும் கடல் நிலவரம் சொல்றதுக்குன்னு அங்கே ஒலிபெருக்கி இருந்தது. அதுல ஊருக்கே அறிவிச்சாங்க, சங்கு ஊதினாங்க. ஊர் மொத்தமும் வெளியேறிடுச்சு. நல்லவாட்டில் ஓர் உயிர்கூடப் போகலை! (கைதட்டல்) கடல் தாண்டி வந்த சேதி ஒரு வாசலோட நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? வாசல் தாண்டினதாலதான் ஐயா, உயிர் பிழைச்சது.

நடுவர் அவர்களே, கடைசியா ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் பேராசிரியராப் பேசினேன். இனிமே ஒரு தெருக்காரனாப் பேசறேன்.

2019 மார்கழி. எங்க தெருவுல ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருத்தர். எழுபதைத் தாண்டியவர். தனியா இருக்கார். ஒரே மகன் வெளிநாட்டுல. நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு முகம் பார்த்துப் பேசிடுவான். முந்தின நாள் ராத்திரியும் பேசினான். "நல்லா இருக்கேன்ப்பா"ன்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க. அது பொய்யில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு நல்லாத்தான் இருந்தாங்க.

விடியக்காலம் நாலரை மணிக்கு வாசல் தெளிக்கத் தண்ணி எடுக்கக் கொல்லைக்குப் போனாங்க. பனி ஈரம், பாசி. வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. எழுந்திருக்க முடியலை. போன் எங்கே? உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்துல, சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு.

அஞ்சரை மணிக்கு அந்த வீட்டைத் தாண்டி ஒரு மனுஷன் நடந்து போறார். முனைவர் பட்டம் வாங்கினவர். ஊர் ஊராப் போய் 'அண்டை அயலாரை நேசியுங்கள்'னு மேடையில பேசுறவர். தலையில குல்லாய், காதுல கருவி. நீலகிரியில உறைபனின்னு யாரோ சேதி சொல்லிக்கிட்டு வர்றாங்க, தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டே போறார்.

அது நான்தான் ஐயா.

இருநூறு மைல் தள்ளி இருக்கிற உதகையில பனி விழுந்தது எனக்குத் தெரியும். இருபதடி தூரத்துல ஒரு தாய் பனியில கிடக்கிறது தெரியலை.

ஆறு மணிக்குப் பூக்கார அம்மா வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாது. வாசலைப் பார்த்துச்சு, நின்னுச்சு. "டீச்சரம்மா வாசல்ல கோலம் இல்லையே! மார்கழி மாசம் இவங்க கோலம் போடாம இருக்க மாட்டாங்களே!" கதவைத் தட்டுச்சு, பதில் இல்லை. பால்காரரைக் கூப்பிட்டுச்சு, பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பிச் சுவர் ஏறிக் குதிக்கச் சொல்லுச்சு. அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நடந்தது, பிழைச்சுட்டாங்க.

நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "சார், உங்க செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கூப்பிட்டேன். கோயில் ஒலிபெருக்கியில பாட்டுப் போட்டிருந்தாங்களா, உங்க காதுல விழுந்திருக்காது."

பாட்டுச் சத்தம் இல்லைம்மா, என் காது அடைச்சிருந்ததுன்னு அன்னைக்கு எனக்குச் சொல்லத் தைரியம் வரலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன். இந்த நிகழ்ச்சியை அந்த அம்மா வீட்டுல உட்கார்ந்து பார்ப்பாங்க. அதனால இந்த மேடையில சொல்றேன்: மன்னிச்சுக்குங்கம்மா. (அரங்கில் அமைதி. பிறகு கைதட்டல்)

இப்போ எங்க தெருவுல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். நடக்கப் போறப்ப காது சும்மா இருக்கணும். ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கிட்டே போகணும். கோலம் இருக்கா? பால் பாக்கெட் எடுத்தாச்சா? விளக்கு அணைஞ்சிருக்கா? "என்னம்மா, பனி ஜாஸ்தியா இருக்கே!" உள்ளே இருந்து, "ஆமா சார், குல்லாயை இழுத்து விட்டுக்குங்க"ன்னு குரல் வரும். அவ்வளவுதான். அன்னைக்கு வேண்டிய தலைப்புச் செய்தி எனக்குக் கிடைச்சாச்சு.

நடுவர் அவர்களே, கைப்பேசி வேண்டாம்னு நான் சொல்லலை. உலகத்தைக் கொண்டு வந்து உள்ளங்கையில தர்றது அது. ஆனா நாம விழுந்தா தூக்கிவிடுற கை, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. ஆகவே, அன்றாட நடப்பை அறிய நமக்கு நல்ல துணை அக்கம்பக்கமே என்று நல்ல தீர்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடியிருக்கும் உங்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நாளைக்கு விடிஞ்சதும் முதல்ல போனை எடுக்காதீங்க, கதவைத் திறந்து எதிர் வாசலைப் பாருங்க.

(நீண்ட கைதட்டல்)